பண்டமாரான் குழந்தையும் எங்கள் கேள்விகளும்

குழந்தை ஒன்று உயிரில்லாமல் வந்து சேரும் நாளில் எங்கள் எமர்ஜென்சியில் எல்லோரும் அதிக நேரம் கை கழுவுவார்கள். தாதியாக, எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸியாக, சேர்ந்த புதிதிலேயே இதைக் கவனித்துவிட்டேன். டாக்டர், மருத்துவ உதவியாளர், தள்ளுவண்டி தள்ளுகிறவர், நான், எல்லோரும்தான். சோப்பு நுரை போன பிறகும் குழாயை மூடமாட்டோம். குழாயடியில் நிற்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, முகத்தையும் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அழுவதற்கென்று ஆஸ்பத்திரியில் வேறு இடம் கிடையாது.

இப்படி எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பது என் சுபாவம். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் அவர்களுடைய கட்டிலை மாடிக்கு ஏற்றி முடிப்பதற்குள் எனக்கு ஊர், வேலை, பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் தெரிந்துவிடும். காலையில் ஆஸ்பத்திரி இருக்கும் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் எதிரே இருப்பவர் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்க மனம் வராது. "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்லா" என்பார் என் கணவர். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. கேட்டால்தானே தெரியும் என்பதுதான் என் கட்சி. அந்தக் கட்சியில் எனக்குச் சந்தேகம் வந்தது ஒரே ஒரு குழந்தையால்.

அது கிள்ளானை அடுத்த பண்டமாரானிலிருந்து வந்தது. காலை ஷிப்ட் மாறி, முந்திய ஷிப்ட்காரர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம். பக்கத்து வீட்டுக்காரரின் வேன் வாசலில் வந்து நின்றது. ஒரு இளம்பெண் கைலித் துணியில் சுற்றிய குழந்தையோடு இறங்கி ஓடிவந்தாள். பின்னாலேயே அவளுடைய மாமியார். மூன்று மாத ஆண் குழந்தை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, முந்தின நாள்கூடச் சிரித்து விளையாடியவன், காலையில் தூக்கினால் அசைவில்லை என்று மாமியார்தான் சொன்னார். கணவன் லோரி ஓட்டுகிறவன், போர்ட் கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருக்கிறான் என்பதையும் அவரே சொன்னார். குழந்தையின் ஒரு காலில் சாக்ஸ் இருந்தது. இன்னொரு சாக்ஸ் அந்தப் பெண்ணின் கைக்குள் இருந்தது.

கையில் வாங்கியதுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு குளிர்ந்திருந்தது. இருந்தாலும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். மேல்மாடியிலிருந்து குழந்தை நிபுணர் இறங்கி வந்தார். கிளந்தான் பக்கத்து மலாய்க்காரப் பெண், என்னைவிட வயதில் இளையவர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நெஞ்சை அழுத்தும்போது குழந்தையின் வாயோரம் கொஞ்சம் பால் வந்தது. அப்படி அழுத்தினால் யாருக்கும் வயிற்றில் இருப்பது மேலே வரும், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கதவோரம் நின்ற மாமியார் அதைப் பார்த்தார்.

முயற்சியை நிறுத்தியபிறகு அந்தக் குழந்தை டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தப் பெண்ணுக்கு முன்னால், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். குழந்தையின் பெயரைக் கேட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதன் பிறகு அவர் ஒருமுறைகூட 'பேபி' என்று சொல்லவில்லை, பெயரைத்தான் சொன்னார். மலாயில் அவர் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டும். சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இன்னும் வைத்தியம் நடக்கிறது என்று நம்பிக் காத்திருப்பார்கள் என்று அவர் எங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். சொன்னேன்.

"உங்க மகன் இறந்துட்டான்மா. எங்களால காப்பாத்த முடியல."

அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், நான் ஏதோ பஸ் நம்பர் சொன்ன மாதிரி. அது உள்ளே இறங்க வெகு நேரம் ஆயிற்று. டாக்டர் எழுந்துபோகவில்லை. வேறு எதுவும் சொல்லாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா இருத்தல்தான் எங்கள் வேலையிலேயே கஷ்டமானது என்று எனக்குத் தோன்றும். கை எதையாவது மடித்துவைக்கத் துடிக்கும்.

பிறகு கேள்விகள். கேட்டுத்தான் ஆகவேண்டும். திடீரென்று இறந்த குழந்தைக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வீட்டார் சொல்வது பெரிய உதவி. கடைசியாக எப்போது பால் குடித்தான், உட்கார்ந்து கொடுத்தாயா படுத்துக்கொண்டா, கொடுத்தபின் தோளில் போட்டுத் தட்டினாயா, எங்கே படுக்கவைத்தாய், மல்லாந்தா குப்புறவா, பக்கத்தில் யார் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மலாய் நன்றாகவே தெரியும், சூப்பர்மார்க்கெட்டில் கவுன்டர் வேலை பார்த்தவள். அன்று மலாயில் ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை. எல்லாவற்றையும் நான் தமிழில் கேட்டேன்.

"படுத்துக்கிட்டுதான் குடுத்தேன் மிஸ்ஸி. விடியக்காலம். அப்படியே கண்ணசந்துட்டேன்."

டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். மாமியார் சுவரோரம் நின்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தார். என் கண் அடிக்கடி அவரிடம் போயிற்று. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் துப்புரவு வேலை செய்கிறவர், அந்தச் சீருடையோடேயே வந்திருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன்.

இப்படி வரும் மரணம் என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன் தாய் குழந்தையைக் கையில் வைத்திருக்கலாம், நீங்கள் கூடவே இருங்கள் என்றார் டாக்டர். அதற்குள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "பச்ச ஒடம்புக்காரி, இப்ப எதுக்குக் காட்டுறீங்க, வேணாம் மிஸ்ஸி" என்று ஒரு பெரியம்மா கதவை மறித்தார். நல்ல எண்ணம்தான். நம் ஆட்களுக்குத் துக்கத்தை மறைத்துவைத்தால் அது குறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

"பெத்தவள ஒரு வார்த்த கேப்போம் ஆன்டி" என்றேன்.

கேட்டேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள், காதைத் தொட்டாள். பிறகு கைக்குள் இருந்த சாக்ஸை என்னிடம் கொடுத்தாள். "இதயும் போட்டுவிடுங்க மிஸ்ஸி. ஏர்கோன் குளிருது." நான் டாக்டரைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். போட்டுவிட்டேன். கணவன் வந்தான். பெரிய ஆள், எண்ணெய்க்கறை படிந்த கை. கழுத்தைத் தாங்கித்தான் குழந்தையை வாங்கினான். அன்று நானும் குழாயடியில் வெகு நேரம் நின்றேன்.

கிளம்புவதற்கு முன் அவளைத் தனியாக அழைத்து ஒன்று சொன்னேன். இதைச் சொல்ல எங்களில் பலர் மறந்துவிடுவார்கள். பால் வரும். குழந்தை இல்லை என்பது மாருக்குத் தெரியாது. கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல்கூட அடிக்கலாம், அதற்கு மாத்திரை இருக்கிறது, பயப்படாதே. அவள் தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். ஏற்கெனவே நனைந்திருந்தது.

அந்த டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தையை அடக்கம் செய்து கொஞ்ச நாள் போனதும் வீட்டுக்கு ஒரு போன் போடச்சொல்வார். எதையும் விசாரிக்க அல்ல, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மட்டும். தமிழ்க் குடும்பமாக இருந்தால் அந்த வேலை என்னுடையது. போட்டேன். அவள் பண்டமாரானில் இல்லை. கம்போங் மேடானில் அம்மா வீட்டில் இருந்தாள்.

"பால் வத்திடுச்சாம்மா?"

"அம்மா மல்லியப்பூ வெச்சுக் கட்டியிருக்காங்க மிஸ்ஸி. கொறஞ்சிருக்கு. ஆனா அந்த வாசம் தாங்கல."

எப்போது வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டேன். "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு அத்த சொல்லிட்டாங்க. அவரும் ஒண்ணும் பேசல. போலீஸ்காரங்க வீட்டுக்கு வந்து மெத்தையெல்லாம் போட்டோ எடுத்தாங்க, அக்கம்பக்கம் பூரா வந்து நின்னுச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு மிஸ்ஸி."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"நான் படுத்துக்கிட்டுப் பால் குடுத்து, பொரையேறிதான் போயிட்டான்னு. டாக்டரே சொல்லிட்டாங்களே."

"டாக்டர் அப்படிச் சொல்லலையேம்மா!"

"நீங்கதானே மிஸ்ஸி தமிழ்ல சொன்னீங்க. அத்தயும் அங்கதான இருந்தாங்க."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. படுத்துக்கொண்டா கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டார், நான் கேட்டேன். சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த இரண்டு பெண்களும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கி, அது தீர்ப்பு என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பை வைத்து ஒருத்தியை அம்மா வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பிரேதப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அவள் பிள்ளையைக் கொன்றவள். முடிவு என்ன வருமோ அதைப் பொறுத்துத்தான் அவளுக்கு வீடும் புருஷனும்.

இது எப்படி நடந்தது என்று என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பதில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்தது. என் கணவருக்கு இரத்த அழுத்தம். ஒருநாள் கிளினிக்குக்கு நானும் கூடப் போயிருந்தேன். "கருவாடு சாப்பிடுவீங்களா அங்கிள்?" என்று அந்த இளம் டாக்டர் கேட்டார், இவர் "சாப்பிடுவேன்" என்றார், அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் நான் கருவாட்டுக் குழம்பு வைத்தால் தட்டைத் தள்ளுகிறார்.

"டாக்டர்தான் கருவாட்ட நிப்பாட்டச் சொல்லிட்டாருல்ல?"

"அவர் எங்க சொன்னாரு? கேட்டாரு."

"சும்மாவா கேப்பாரு?"

அந்தச் 'சும்மாவா கேப்பாரு' எனக்குள் மணி அடித்தது. பிறகு நான் விடுவேனா? கீழ்வீட்டு ஆன்டி, பூக்கடை அக்கா, ரயிலில் பழக்கமான ஒரு அண்ணன் என்று ஆள் பார்த்துக் கேட்க ஆரம்பித்தேன். டாக்டர் உங்களிடம் 'இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களா' என்று கேட்டால் என்ன அர்த்தம்? எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான், இனிப்பால்தான் வந்தது. பூக்கடை அக்கா ஒருபடி மேலே போய், "தெரிஞ்சுக்கிட்டுதான் கேப்பாங்க, நம்ம வாயால வரவழைக்க" என்றார். வெள்ளைக் கோட்டுப் போட்டவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கும், அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்பதை ஒருவர்கூட நம்பவில்லை. எங்களுக்குச் சிரிப்பாக இருக்கிற இந்தப் பழக்கம் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் என்ன செய்துவிட்டது என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

கேன்டீனில் டாக்டரிடம் சொன்னேன். அவர் பால் சேர்க்காத தே ஓ தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். தன் அம்மாவும் கிளந்தானில் இப்படித்தான், டாக்டர் கேட்டதையெல்லாம் டாக்டர் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லுவார் என்றார். அன்றே அந்தப் பெண்ணுக்கு மறுபடி போன் போட்டோம். காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது என்று டாக்டர் தானே பேசினார், நானும் சொன்னேன். அவள் "சரி டாக்டர்" என்றாள். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. மாமியாருக்குப் போட்டால் எடுக்கவே இல்லை.

அதன் பிறகு வந்த வீட்டாரிடம் கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தோம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கொமுட்டரில் போகும்போது நான் முணுமுணுத்துப் பார்ப்பேன், பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருவார். கடைசியில் அமைந்தது இதுதான். "எதனால இறந்துச்சுன்னு எங்களுக்கு இப்ப தெரியாது. தெரியாததாலதான் கேக்குறோம். இதே கேள்வியத்தான் எல்லார்கிட்டயும் கேப்போம். கேட்டோம்ங்கிறதால நீங்க தப்பு செஞ்சீங்கன்னு அர்த்தம் இல்ல." இதை அறையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும், தாயிடம் மட்டும் கிசுகிசுத்தால் போதாது. போலீஸ் ஏன் வீட்டுக்கு வருவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். எங்களில் சிலர், குறிப்பாகத் தமிழ் ஆட்கள், வீட்டார் தவிப்பதைப் பார்க்கமுடியாமல் ஆறுதலுக்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். துக்க வீட்டில் வருகிறவர்களெல்லாம் என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்பார்களே, சொல்ல ஒன்று வேண்டாமா? அந்த இரக்கத்தையும் அடக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு அது சுலபமாக வரவில்லை.

சில மாதம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் என்னையும் வரச்சொன்னார். குழந்தைகள் கிளினிக்கில் வேண்டாம், மற்றக் குழந்தைகளின் அழுகைச் சத்தம் கேட்காத இடமாக இருக்கட்டும் என்று நிர்வாகப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். கணவன் கம்போங் மேடானுக்குப் போய் மனைவியை அழைத்துவந்திருந்தான். மாமியார் பண்டமாரானிலிருந்து தனியாக வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. அந்தப் பெண் இளைத்திருந்தாள்.

டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். எல்லாம் பார்த்துவிட்டார்கள். மூச்சுக்குழாயில் பால் அடைக்கவில்லை. காயம் இல்லை, கிருமி இல்லை. சில குழந்தைகள் தூக்கத்திலேயே இப்படி இறந்துவிடுகிறார்கள், ஏன் என்று எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. அடுத்த குழந்தை வரும்போது எப்படிப் படுக்கவைப்பது நல்லது என்று பிறகு பேசுவோம். ஆனால் நீ பால் கொடுத்ததால் உன் மகன் சாகவில்லை. கடைசி வாக்கியத்தை நான் தமிழில் இரண்டு தடவை சொன்னேன்.

கணவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன மிஸ்ஸி? வெளிய இருக்கறவங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க."

டாக்டரே எழுந்துபோய் மாமியாரை அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார், அல்லது எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து நான் உள்ளுக்குள் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"வயித்துக்குள்ள எல்லாம் பாத்தாங்களா மிஸ்ஸி?"

"பாத்தாங்க."

"நல்லாப் பாத்தாங்களா? அதுல ஒண்ணும் இல்லையா?"

"ஏன் கேக்குறீங்க?" என்றேன். இதைக் கேட்காமல் நான் எப்படி இருப்பேன்?

அவர் வாய் கோணிக்கொண்டது. "முந்தின நாள் சாயங்காலம் புள்ளைக்கு வயிறு உப்புசமா இருந்துச்சு. இவ குளிக்கப் போயிருந்தா. கல்லுல மருந்து ஒரசி ஒரு சங்கு குடுத்தேன். எம் புள்ளைங்க எல்லாத்துக்கும் குடுத்ததுதான். கிளினிக்ல குடுக்காதீங்கன்னு சொன்னாங்கன்னு இவ வேணாம்னு சொல்லியிருந்தா. நான் கேக்கல. காலையில தூக்கிப் பாத்தா புள்ள..." கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குலுங்கினார்.

நான் அவசரமாக மலாயில் சொன்னேன். வயிற்றில் இருந்ததையும் பரிசோதித்திருக்கிறார்கள், விஷம் எதுவும் இல்லை, அந்த மருந்தால் சாகவில்லை என்று டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்று நாங்கள் கேட்ட கேள்விகள் எல்லாமே தாயைப் பார்த்துக் கேட்டவை. சுவரோரம் நின்ற இந்த அம்மாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் ஒரு மனுஷியை இத்தனை மாதம் இப்படி வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்தப் பெண் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ ஏன் அத்த என்னைய அனுப்புனீங்க?"

"நீ கண்ணு முன்னால இருந்தா சொல்லிப்புடுவேன்னு பயந்துட்டேன். சொன்னா, அடுத்த புள்ளைய என் கையில குடுப்பியா நீ?"

கணவன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவள் எழுந்து தன் பையைத் தோளில் மாட்டினாள். கதவு வரை போய்விட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அங்கே நின்று மாமியாருக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"எனக்கு ரொம்பக் கோவம் இருக்கு அத்த" என்றாள். "வாங்க. பண்டமாரானுக்குப் போயிப் பேசிக்கலாம்."